போர் ஓய்ந்த ஊருக்குப் பயணிகள் வந்தால் காசு யார் கையில் தங்கும்?

அம்பாசமுத்திரத்தில் இரண்டு வேன் வைத்து நவதிருப்பதி, குற்றாலம், கன்னியாகுமரி என்று ட்ரிப் அடிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சண்டை முடிந்த நாடுகள் எல்லாம் சுற்றுலாவை வளர்த்தால் நிமிர்ந்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா அண்ணாச்சி? இலங்கைக்கு, யாழ்ப்பாணம் மட்டக்களப்புப் பக்கமாக ஒரு ட்ரிப் போடலாம் என்று நினைக்கிறேன். நம்ம ஆட்கள் கொடுக்கும் காசு அங்கே அடிபட்ட சனத்துக்குப் போய்ச் சேருமா?" பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பயணிகள் வருவார்களா? வந்தால் அந்தக் காசு யாரிடம் தங்கும்? காசு வந்தால் பகை தீருமா? முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு, இடத்துக்கு இடம் பதில் மாறும் என்றாலும், ஏன் மாறுகிறது என்று சொல்ல முடியும். மூன்றாவதில் பொருளாதாரம் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுத உட்கார்ந்தவன். அங்கிருந்து கொழும்பு, அப்புறம் கிழக்குக் கரையில் பாசிக்குடா. ஓட்டல்களில் கணக்கும் கொள்முதலுமாக 23 வருஷம் ஓடிவிட்டது. அரிசி, மீன், சோப்பு, டீசல் என்று ஓட்டலுக்குள் வரும் ஒவ்வொரு சாமானுக்கும் பில்லில் கையெழுத்துப் போட்டவன் என்பதால், காசு எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்பது எனக்குத் தெரியும். இலங்கையின் கிழக்கை வேலை செய்து பார்த்தேன். வடக்கை விருந்தாளியாகப் போய்வந்து பார்த்தேன். மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வது படித்து அறிந்தது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிச் சத்தம் நின்றால் பயணிகள் வருவார்கள், நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே வருவார்கள். இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. அந்த வருஷம் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 4 லட்சத்து 48 ஆயிரம் பேர். மறு வருஷமே 6 லட்சத்து 54 ஆயிரம். 2018இல் 23 லட்சத்தைத் தாண்டியது, வருமானம் 400 கோடி டாலருக்கு மேல். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம், ஆயத்த ஆடை ஏற்றுமதி, அதற்கு அடுத்தபடி சுற்றுலா என்று அந்நியச் செலாவணி வரிசையில் மூன்றாவது இடம். அடிபட்ட நாடுகள் சுற்றுலாவைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணமும் இதுதான். தொழிற்சாலை கட்டி, இயந்திரம் இறக்கி, ஆளைப் பழக்கி, சந்தை பிடித்து முதல் டாலரைப் பார்க்கப் பல வருஷம் ஆகும். கடலும் கோயிலும் மலையும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. சாலையைச் செப்பனிட்டு, கண்ணிவெடியை அகற்றி, நாலு ரூம் கட்டினால் அடுத்த சீசனிலேயே டாலர் வந்துவிடும். கையில் காசில்லாத அரசுக்கு இதைவிட வேகமான வழி அதிகம் கிடையாது.

வந்த வேகத்திலேயே அவர்கள் போயும் விடுவார்கள். இதை விளக்கக் குற்றாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜூன் ஜூலையில் சாரல் விழுந்து ஐந்தருவியும் நிறைந்து கொட்டும்போது, ஒரு மழையில் வெள்ளம் வந்து மெயினருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அந்த ஒரு வரி டிவியில் ஓடினால் போதும். மறுநாள் தடையை எடுத்தாலும், மதுரை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கிளம்ப இருந்தவர்கள் அந்த வாரம் வரமாட்டார்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையிலேயே கறுக்கும். எண்ணெய் தேய்த்துவிடுபவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் குண்டு வெடித்தது. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று சில இடங்களில் நடந்த கொடுமைதான். ஆனால் வெளிநாட்டு அரசுகள் விடுக்கும் பயண எச்சரிக்கை முழுத் தீவுக்கும் சேர்த்து விழுந்தது. எச்சரிக்கை இருக்கும் நாட்டுக்குப் போனால் பல பயணக் காப்பீடுகள் செல்லாது. காப்பீடு இல்லாமல் ஐரோப்பியக் கம்பெனி ஆள் அனுப்பாது. முந்தைய வருஷம் மே மாதத்தில் 1 லட்சத்து 29 ஆயிரம் பேர் வந்த நாட்டுக்கு, அந்த மே மாதம் வந்தவர்கள் 37,800 பேர்.

அதோடு முடியவில்லை. அடுத்த வருஷம் கொரோனா. அது தணிந்து 2022இல் தலைதூக்கும்போது நாடே கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. 2018இல் 23 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2021இல் 2 லட்சத்துக்கும் கீழே. அப்புறம் ஏறி 2024இல் மறுபடி 20 லட்சத்தைக் கடந்தது உண்மைதான். ஆனால் போர் முடிந்த உற்சாகத்தில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய சின்ன விடுதிக்காரருக்கு நடுவில் போன அந்த மூன்று வருஷம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தவணையைத் தள்ளிவைத்தார்கள், கடன் தீரவில்லை. பாசிக்குடா ரோட்டில் மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளை நான் பார்த்தேன். கீழே குடும்பம், மேலே இரண்டு ரூம் போடலாம் என்று ஆரம்பித்து, பாதியில் நின்றவை.

நேபாளத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1996 முதல் 2006 வரை அங்கே மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் சண்டை. 1999இல் 4 லட்சத்து 91 ஆயிரமாக இருந்த பயணிகள் 2002இல் 2 லட்சத்து 75 ஆயிரமாகக் குறைந்தார்கள். 2001இல் நேபாள மன்னர் குடும்பத்தைச் சுட்டுக் கொன்ற அரண்மனைப் படுகொலை, அதே வருஷம் அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் தாக்குதல் எல்லாமும் அந்தக் குறைவில் சேர்ந்திருக்கின்றன. மலைப்பாதையில் நடக்கும் வெள்ளைக்காரர்களிடம் மாவோயிஸ்டுகள் காசு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். அன்னபூர்ணா பக்கத்து விடுதிகளில் பெரும்பாலானவை உள்ளூர்க் குடும்பங்களுடையவை. விடுதிக்குப் பின்னாலேயே உருளைக்கிழங்கு வயலும் மாடும் இருக்கும். ஆள் வராத வருஷம் விடுதியைப் பூட்டிவிட்டு வயலில் இறங்கலாம். 1986இல் அங்கே தொடங்கிய இயற்கைப் பாதுகாப்புத் திட்டத்தில், பயணிகள் கட்டும் நுழைவுக் கட்டணம் அந்த வட்டாரத்தின் பாதைக்கும் பள்ளிக்கும் காட்டுக்கும் திரும்பிச் செலவாகிறது. அடி தாங்குகிற சுற்றுலா எது என்று என்னைக் கேட்டால், வேறு பிழைப்பையும் கையில் வைத்திருக்கிறவர்கள் நடத்துகிற சுற்றுலா என்பேன். சண்டை முடிந்த நாட்டில் அரசு இதை மறந்துவிடுகிறது. மீன்பிடித் துறைமுகத்துக்கும் விவசாயச் சந்தைக்கும் போக வேண்டிய காசைக் கடற்கரை ஓட்டலுக்கு ரோடு போடச் செலவழிக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, உங்களுக்கு முக்கியமான கேள்வி. ஒரு ஐரோப்பியர் தன் ஊரிலேயே ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் காசு கட்டிவிட்டு வருகிறார் என்று வையுங்கள். விமானக் கட்டணம் விமானக் கம்பெனிக்கு. டூர் கம்பெனி தன் பங்கை அங்கேயே எடுத்துக்கொள்ளும். ஆன்லைனில் ரூம் எடுத்தாலும் 15 முதல் 20 சதவீதம் கமிஷன் வெளிநாட்டுக்குப் போகும். மீதிதான் ஓட்டலுக்கு வருகிறது. அதிலும் வங்கி வட்டி கொழும்புக்கு, ஒயினும் சீஸும் வெண்ணெயும் இறக்குமதி, ஏசி மெஷினும் லிஃப்ட்டும் இறக்குமதி, ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் இறக்குமதி. பொருளாதாரத்தில் இதைக் கசிவு என்கிறார்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதை. இந்தக் கசிவு இத்தனை சதவீதம் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்களை நான் நம்புவதில்லை, ஏனென்றால் விமானக் கட்டணத்தைச் சேர்க்கிறார்களா இல்லையா என்பதை வைத்தே எண் பாதிக்குப் பாதி மாறும். ஆனால் வாளியில் ஓட்டை எங்கே என்று என்னால் காட்ட முடியும்.

பாசிக்குடாவில் 1980களில் ஓட்டல்கள் இருந்தன, போரில் பாழாய்ப்போயின. 2009க்குப் பிறகு அந்தக் கரையைச் சுற்றுலா வலயமாக்கி, மனை மனையாகப் பிரித்து முதலாளிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த ஓட்டலின் பெயர் வேண்டாம். சேர்ந்த முதல் வாரம், விடிந்து வெகுநேரம் ஆகாத வேளை, சாமான் இறக்கும் பின்வாசலில் நிற்கிறேன். ராத்திரி முழுக்க ஓடிவந்த குளிர்பெட்டி லாரி கொழும்பிலிருந்து வந்து நிற்கிறது. உள்ளே உறைந்த மீன். அதே நேரம் சைக்கிள் கேரியரில் பிளாஸ்டிக் பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். பெட்டியில் இரண்டு பெரிய பாரை, கொஞ்சம் கணவாய், மேலே ஈரச் சாக்கு. செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. கடலிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. காவலாளி அவரை வாசலைத் தாண்ட விடவில்லை. "பதிவு செய்த சப்ளையர் மட்டும்" என்றார். அவர் சண்டை போடவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, இந்தியாவோ? மீன் தெரியுமோ உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பெட்டியை மறுபடி கட்டிக்கொண்டு வாழைச்சேனைப் பக்கம் மிதித்தார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யாராவது கெட்டவர் இருந்து தடுக்கிறார் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் அப்படி ஆளே இல்லை. ஓட்டல் 45 நாள் கடனில்தான் சாமான் வாங்கும். கொழும்புக் கம்பெனியால் 45 நாள் பொறுக்க முடியும். மீனவரால் 45 மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது, நாளைக்குப் படகுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். வரிப் பதிவு எண்ணோடு பில் வேண்டும் என்பார்கள், அவரிடம் பில் புத்தகமே கிடையாது. சமையல் தலைவருக்கு ஒரே அளவில் 80 துண்டு மீன் வேண்டும், கடல் அப்படி அளந்து கொடுக்காது. காய்கறியும் அதே கதை. தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து ஒரே லாரியில் எல்லாம் வந்துவிடும், பக்கத்துக் கிராமத்துக் கத்தரிக்காய் வெளியே நிற்கும். முப்பது வருஷச் சண்டையில் கணக்குப் புத்தகம், வங்கித் தொடர்பு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் இழந்த ஊரிடம், இது எல்லாமும் இருந்தால்தான் வாங்குவோம் என்றால் எப்படி?

மேலாளரிடம் பேசி, சில்லறைச் செலவுக் கணக்கிலிருந்து தினமும் ஒரு தொகைக்கு ரொக்கமாக மீன் வாங்க அனுமதி பெற்றேன். மீனவர் சங்கம் ஒன்று பில் புத்தகம் அடித்தது. காலையில் எடை போட்டதும் கையில் காசு. ஒரு ஓட்டலில், சின்னத் தொகையில், இரண்டு சீசன் நன்றாக ஓடியது. மேலாளர் மாறியதும் நின்றுவிட்டது. அவருக்குக் கொழும்புத் தலைமையகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஒரே சப்ளையர் என்றால் எளிது. ஒரு ஆளின் நல்லெண்ணத்தை நம்பி நடக்கிற ஏற்பாடு இவ்வளவுதான் தாங்கும் என்று அப்போது புரிந்தது. குத்தகை கொடுக்கும்போதே, இத்தனை பங்கு சாமான் இந்த மாவட்டத்திலிருந்து, ரொக்கத்துக்கு வாங்க வேண்டும் என்று அரசு எழுதி வாங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் அரசுக்கு முதலாளி வந்தால் போதும் என்று இருந்தது. சண்டை முடிந்த நாட்டுக்கு முதலாளி வருவது துணிச்சலான காரியம், அதனால் வரிச்சலுகையும் மலிவான நிலமும் கேட்கிறார், அரசும் கொடுத்துவிடுகிறது. பேரம் பேசும் பலம் அப்போது அரசிடம் இல்லை. அந்தப் பலவீனமான நேரத்தில் போட்ட ஒப்பந்தம் பல பத்து வருஷம் நிற்கிறது.

வேலை கிடைத்ததா என்றால், கிடைத்தது. தோட்டம், காவல், துணி துவைப்பு, பாத்திரம் இவற்றில் உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். ரிசப்ஷன், சமையல், மேற்பார்வை எல்லாம் தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பயிற்சி பெற்று வந்தவர்கள். இருபத்தைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் போக வேண்டிய காலத்தில் முகாமில் இருந்தவன், அவனுக்கு ஓட்டல் ஆங்கிலமோ சிங்களமோ எப்படி வரும்? பெண்கள் இன்னும் குறைவு. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே இழுக்கிற பெண்கள் அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில். அவர்களுக்குத்தான் சம்பளம் அதிகம் தேவை. ஆனால் ஓட்டல் வேலை என்றால் ஊர் ஒரு மாதிரி பேசும். ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் போகப் பஸ் கிடையாது. ஒரு வேன் விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொன்னபோது, அது பட்ஜெட்டில் இல்லை என்றார்கள்.

நிலம்தான் எல்லாவற்றுக்கும் அடி. நம்ம ஊரில் பத்திரம், பட்டா என்பதை அங்கே காணி உறுதி என்பார்கள். மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்த குடும்பத்திடம் உறுதி எங்கே இருக்கும்? ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்களா, டிரங்குப் பெட்டியைத் தூக்குவார்களா? அவர்கள் திரும்பி வருவதற்குள் நிலத்தின் விலை ஏறிவிடுகிறது, வேலியும் விழுந்துவிடுகிறது. நம்ம கோபாலசமுத்திரம் இலங்கை அகதிகள் முகாமில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள மயிலிட்டிக்காரர். 1990இல் அந்த ஊரே காலி செய்யப்பட்டு ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஜூலையில்தான், 27 வருஷம் கழித்து, மக்களிடம் விட்டார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே, பக்கத்துக் காங்கேசன்துறையில், அதே வலயத்துக்குள், ராணுவமே தல்செவன என்ற பெயரில் கடற்கரை விடுதி நடத்தி விருந்தாளிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. "என் வீட்டைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை, ரூம் எடுத்தால் பக்கத்தில் போய்ப் படுக்கலாமாம்" என்று பெரியவர் சொன்னது எனக்கு இப்போதும் நெஞ்சில் கிடக்கிறது. கிழக்கிலும் பானம கிராமத்தில் 2010இல் குடும்பங்கள் விரட்டப்பட்ட நிலத்தில் பின்னால் படையினரின் விடுதி வந்தது. அங்கே விரட்டப்பட்டவர்கள் சிங்கள மக்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலம் போவதற்கு இனம் ஒன்றே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கடற்கரை நிலத்துக்கு விலை வந்ததும், காகிதமும் செல்வாக்கும் இல்லாதவர் யாராக இருந்தாலும் முதலில் அவர்தான் வெளியேறுகிறார்.

நன்றாகச் செய்த நாடு என்று ருவாண்டாவைச் சொல்வார்கள். 1994இல் இனப்படுகொலை நடந்த நாடு. மலைக் கொரில்லாவைப் பார்க்க 2017இல் அனுமதிக் கட்டணத்தை 750 டாலரிலிருந்து 1,500 டாலராக்கினார்கள். ஆளைக் குறைத்து, ஒரு ஆளிடம் அதிகம் வாங்குவது அவர்கள் வழி. பூங்கா வருமானத்தில் சுற்றியுள்ள கிராமங்களின் பங்கு முதலில் 5 சதவீதம், 2017இலிருந்து 10 சதவீதம். பள்ளி, சுகாதார நிலையம், தண்ணீர்க் குழாய் என்று அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதை அப்படியே எல்லா ஊரும் எடுத்துக்கொள்ள முடியாது. உலகில் மூன்று நாடுகளில் மட்டும் இருக்கிற மலைக் கொரில்லாவுக்கு 1,500 டாலர் கொடுப்பார்கள், கடற்கரைக்குக் கொடுக்க மாட்டார்கள். கடற்கரை மாலத்தீவிலும் உண்டு, கோவளத்திலும் உண்டு.

கம்போடியா எதிர்ப்பக்கம். 1993இல் 1 லட்சத்துச் சொச்சம் பேர் வந்த நாட்டுக்கு 2019இல் 66 லட்சம் பேர் வந்தார்கள், அவர்களில் பலர் அங்கோர் கோயில்களைப் பார்க்க. ஆனால் அங்கோர் இருக்கும் சியெம் ரீப் மாகாணமே நீண்ட காலம் அந்த நாட்டின் ஏழை மாகாணங்களில் ஒன்றாக இருந்தது. ஓட்டல் வரிசைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனால் மின்சாரம் இல்லாத கிராமம். இதிலும் ஒரு நல்ல காரியம் உண்டு. 2017இல் ஒருநாள் டிக்கெட்டை 37 டாலராக உயர்த்தியபோது, ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் 2 டாலரைக் குழந்தைகளுக்கு இலவச மருத்துவம் செய்யும் காந்தா போபா மருத்துவமனைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். சின்னத் தொகைதான், ஆனால் அது எந்த மேலாளரின் மனசையும் பொறுத்து இல்லை. பாசிக்குடாவில் நான் தேடியது அந்த மாதிரி ஒன்றைத்தான்.

மூன்றாவது கேள்வி, காசு வந்தால் பகை தீருமா. பயணி வந்த நாட்டில் அமைதி இருக்கிறது என்று கணக்குக் காட்டலாம். அமைதி வந்ததால் பயணி வந்தாரா, பயணி வந்ததால் அமைதி நிலைத்ததா என்று பிரிப்பது கஷ்டம். என் பார்வையில் முதலாவதற்குத்தான் சாட்சி அதிகம். நம்ம மாவட்டத்திலும் இப்படி ஒரு யோசனை வந்திருக்கிறது. 1990களில் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் நடந்தபோது, நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு, இளைஞர்களுக்கு வேலை இல்லாததும் ஒரு காரணம், இங்கே தொழில் கொண்டுவாருங்கள் என்று பரிந்துரைத்தது. நாங்குநேரியில் 2,000 ஏக்கருக்கு மேல் ஒதுக்கினார்கள். பல வருஷம் அதில் பெரும்பகுதி உடைமரக் காடாகத்தான் கிடந்தது. வேலை வந்திருந்தால் பகை குறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன், ஆனால் நடக்காத ஒன்றை வைத்து நிரூபிக்க முடியாது. தீங்கு செய்யும் வழி ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். ஒரு தரப்பு மட்டும் சம்பாதிப்பதை இன்னொரு தரப்பு தினமும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால், அந்த ஓட்டலே புதுக் குறையாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் புதுக்குடியிருப்புக்கு வந்து பிரபாகரனின் நிலவறையைப் பார்த்துப் படம் எடுத்துப் போனார்கள். 2013 அக்டோபரில் ராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது. அவர்கள் படம் எடுத்த இடத்திலிருந்து முள்ளிவாய்க்கால் தூரமில்லை. மே 18இல் அங்கே பெற்ற பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ட்ரிப்பில் அந்த இடத்தை 'பார்க்க வேண்டிய இடம்' என்று போடாதீர்கள் தம்பி. யாராவது விளக்கேற்ற விரும்பினால், கேமராவை வேனிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

சரி, உங்கள் ட்ரிப்புக்கு வருவோம். வடக்குக்கு வருகிறவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டு பெரிய கூட்டம். ஒன்று, தெற்கிலிருந்து நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் யாத்திரைப் பஸ்கள். அரிசி, பருப்பு, அண்டா எல்லாம் கூடவே வரும், ரோட்டோரம் அடுப்பு மூட்டிப் பஸ்ஸிலேயே படுத்துக் கிளம்பிவிடுவார்கள். குற்றாலத்தில் பராசக்தி கல்லூரிப் பக்கம் நிற்கும் பஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். எண்ணிக்கையில் பெரிய கூட்டம், ஊரில் விட்டுப் போவது குப்பையும் கொஞ்சம் பனங்கட்டி வாங்கிய காசும். இரண்டாவது, கனடா, லண்டன், பாரிஸிலிருந்து ஊருக்கு வரும் யாழ்ப்பாணத்தார். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதால் ஓட்டல் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் ஓட்டோ, நகைக்கடை, தையற்கடை, மீன் சந்தை, கோயில், இடிந்த வீட்டுக்குக் கொத்தனார் என்று அவர்கள் செலவு செய்வதில் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே சுற்றும். ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குகிற பயணியைவிட, ஊருக்கு அதிகம் விட்டுப் போகிறவர் மாமி வீட்டுப் பாயில் படுக்கிற இந்தப் பயணிதான் என்பது என் எண்ணம். உங்கள் ஆட்கள் முதல் கூட்டத்தைப் போல இல்லாமல், இரண்டாவது கூட்டத்தைப் போலச் செலவு செய்கிற மாதிரி ட்ரிப்பை அமையுங்கள்.

உங்கள் வேன் போகாது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலில் ஆட்கள் மட்டும்தான் போக முடியும். மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும், அதனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கும் விமானத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம தூத்துக்குடியிலிருந்து 2011 ஜூனில் கொழும்புக்கு விட்ட கப்பல் அந்த வருஷம் முடிவதற்குள் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரே வழியை நம்பி முன்பணம் வாங்காதீர்கள். வேன் எடுக்கும்போது கொழும்புக் கம்பெனியிடம் எடுக்காமல் யாழ்ப்பாணத்து வேன்காரரிடமே எடுங்கள், வண்டி யார் பெயரில் ஓடுகிறது என்று கேளுங்கள். ரூமுக்கு, குடும்பம் கீழே இருந்து மேலே ரூம் விடுகிற வீடுகள் நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் நிறைய உண்டு. ஆமாம், அங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, நம்ம ஊர்க்காரர்களை அந்தப் பெயருக்காகவே நன்றாகக் கவனிப்பார்கள். ஆன்லைனில் பார்த்தாலும், போனில் பேசி நேரடியாகக் காசு கொடுங்கள், கமிஷன் மிஞ்சும். நம்ம ஆட்கள் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இடியப்பமும் சொதியும் பழகட்டும். மட்டக்களப்பில் மீன் வாங்கிச் சமைக்கச் சொல்வதாக இருந்தால், கரையில் வாடி என்கிற கொட்டகை போட்டிருக்கிற மீனவரிடமே, எடை போட்ட கையோடு காசு கொடுத்து வாங்குங்கள்.

நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள், ஆகஸ்டை ஒட்டி வரும். வெளிநாட்டுச் சனம் முழுக்க அப்போதுதான் வருவதால் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. முதல் ட்ரிப்பைப் பிப்ரவரியில் போடுங்கள். மழை விட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, சீசன் இல்லாத அந்த மாதத்தில் ரூம் விடுகிற வீட்டுக்காரருக்கும் உங்கள் ஆட்கள் உதவியாக இருப்பார்கள்.